பக்க மொட்டு

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் ரெஜினா பேனாவால் பேத்தி குழலியின் வயிற்றின் மேல் கோடு போட்டுக் காட்டினார். இடது விலாவுக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தொட்டது அந்தக் கோடு. மண்ணீரல் அவ்வளவு வீங்கியிருக்கிறதாம். குழலிக்குக் கூச்சம். சிரித்தபடியே நெளிந்தாள்.

“எடுத்துடறதுதான் நல்லது சார். சின்னக் குழந்தைல எடுக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாள் தள்ளிப் போட்டோம். ஏழு வயசாச்சு. இனிமே தள்ள வேணாம்” என்றார்.

பொங்கலுக்குப் பிறகு இதுவரை நாலு தடவை ரத்தம் ஏற்றியாயிற்று. அவளுடைய சிவப்பணுக்கள் பிறவியிலேயே உருண்டையாக இருக்கின்றன. மண்ணீரல் அவற்றைப் பிடித்துப் பிடித்து அழிக்கிறது. அதனால்தான் ஏற்றுகிற ரத்தம் உடம்பில் தங்குவதில்லை, அதனால்தான் கண் மஞ்சள். இது தெரியாமல் மாதப்பன் மூன்று வருடம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாச் சோறு போட்டுப் பத்தியம் காத்தார். காமாலை என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மாதப்பன் என் மருமகன். ஓசூருக்கு அப்பால் பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை. என் மகள் செங்கமலம் இறந்த பிறகு பிள்ளையைத் தனியாக வளர்த்தார். ரத்தம் ஏற்ற அடிக்கடி அலைய வேண்டியிருந்ததால், போன வருடத்திலிருந்து குழலி தருமபுரியில் என்னோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். அவர் ஞாயிறுதோறும் வந்து போகிறார்.

சம்மதக் கையெழுத்து அப்பாதான் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. ஆள் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

“என்ன எடுக்கப் போறாங்க தாத்தா?” என்று குழலி கேட்டாள். குழந்தைகளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. ஒன்றுமில்லாததற்கா இத்தனை பேர் கிசுகிசுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

“அப்பா பண்ணையில கேட்டுல யாரு இருப்பா?”

“வாட்ச்மேன். எல்லார் சாப்பாட்டுப் பையையும் தொறந்து பாப்பாரு. பூ திருடிட்டுப் போறாங்களான்னு.”

“உன் வயித்துலயும் ஒரு வாட்ச்மேன் இருக்கான். ரத்தத்துல போற வர எல்லாரையும் நிறுத்திப் பாப்பான். கெட்ட கிருமி வந்தா புடிச்சுக்குவான். எங்க எல்லார் ரத்தத்துலயும் சிவப்பணு தட்டை மாதிரி இருக்கும். உனக்கு சீடை மாதிரி இருக்குது. உருண்டையா இருக்கறவன் எல்லாம் திருடன்னு நெனச்சு, நல்லவங்களையும் புடிச்சு அடைச்சு வெச்சுக்கறான்.”

“அதான் தொப்பையா?”

“அதான்.”

யோசித்தாள். “அவன வேலைய விட்டு அனுப்பிட்டா, நெஜத் திருடன் வந்தா யாரு புடிப்பா?”

நான் பள்ளியில் வேலை பார்த்த நாளில், பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்வதுண்டு. எந்த உதாரணத்துக்கும் ஒரு கால் நொண்டி. அது எந்தக் கால் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் அந்தக் காலை நம்பித்தான் ஓடுவார்கள். குழலிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே போய் அந்தக் காலைத் தொட்டாள்.

“அதுக்குத்தான் ஊசி போடப் போறாங்க. அது நாய் வளக்கற மாதிரி. அப்புறம் தெனம் ரெண்டு வேள மாத்திரை. அது பூட்டு. அதையும் தாண்டித் திருடன் உள்ள வந்துட்டான்னா உடம்பு சுடும். சுட்டா ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நாளைக்குப் பாக்கலாம்னு ஒக்காரக் கூடாது.”

“வாட்ச்மேன் இல்ல, ஓடு” என்றாள்.

“அவ்வளவுதான் பாடம்.”

ஜூன் 8, ஞாயிறு

மாதப்பன் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“கத்தி வெக்க நான் ஒத்துக்க மாட்டேன் மாமா.”

“மாப்பிள்ள, டாக்டர் சொல்றதைக் கொஞ்சம்...”

“செங்கமலத்தயும் ஆபரேசன்னுதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்துல வந்துருவாங்கன்னு சொன்னாங்க. நீங்களும் பக்கத்துல நின்னீங்க.”

நின்றேன். இரண்டாவது பிரசவம். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

“சாமி குடுத்த உறுப்ப எடுத்துட்டு இந்தப் புள்ள எப்படிப் பொழைக்கும்? வேணும்னுதான வெச்சிருக்குது உள்ள” என்றார். சாப்பிடாமல் போய்விட்டார்.

ஜூன் 9, திங்கள்

பருப்பு தீய்ந்துவிட்டது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி ரத்தம். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்திவிட்டுக் கடைசியில் பாதத்தில் ஏற்றினார்கள். குழலி அழவில்லை. பக்கத்துக் கட்டிலில் அழுத பையனைப் பார்த்து, “அழுதா நரம்பு ஒளிஞ்சுக்கும்” என்று புத்தி சொன்னாள்.

டாக்டர் ரெஜினா என்னைத் தனியே கூப்பிட்டு, “அப்பா என்ன சொல்றார்?” என்றார். பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று மாதப்பன் ஒத்துக்கொண்டார். எப்படி என்று எழுதி வைக்கிறேன்.

கழுத்து வளைந்த ரோஜாக்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தார். ஏற்றுமதிக்கு ஆகாதவை. குழலி அவற்றைச் சொம்பில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தண்டில் பெரிய மொட்டுக்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு மொட்டு ஒட்டியிருந்தது.

“மாப்பிள்ள, இது என்ன?” என்றேன்.

“பக்க மொட்டு. எவனோ கிள்ளாம விட்டுட்டான்.”

“எதுக்குக் கிள்ளணும்?”

“விட்டா சத்தெல்லாம் அது இழுத்துக்கும் மாமா. நடு மொட்டு சிறுத்துப் போவும். வித்தா காலணாவுக்கு ஆவாது.”

“கிள்ளினா செடிக்கு எதனா ஆகுமா?”

“அதுக்கு என்னா ஆவப் போவுது. அது பாட்டுக்கு வளரும்.”

“சாமி குடுத்த மொட்டாச்சே அதுவும்” என்றேன்.

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு குழலியைப் பார்த்தார். தொப்பை மேல் சொம்பை அணைத்தபடி, குச்சிக் கையால் அவள் பூக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவ சாப்பிடற சாப்பாடு, நாம ஏத்தற ரத்தம், எல்லாத்தையும் அதுதான் இழுக்குது மாப்பிள்ள. கிள்ளிட்டா அவ அவ பாட்டுக்கு வளருவா.”

“இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் மாமா முரண்டு புடிக்கப் போறேன்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடம் புரிந்துவிட்ட பையனின் முகம் எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்து வருடம் பார்த்தவன் நான். அந்த முகம்.

மீதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் கையெழுத்து ஆகட்டும்.

ஜூன் 18, புதன்

தடுப்பூசிகள். இரண்டு தொடையிலும், ஒரு கையிலும். “எத்தன நாய் தாத்தா?” என்று கேட்டாள். “மூணு” என்றேன். மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். மணி, ஜிம்மி, டாக்டரம்மா.

ஜூலை 4, வெள்ளி

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மாதப்பன் டீ வாங்கினார், ஆறவிட்டார், கீழே கொட்டினார், இன்னொன்று வாங்கினார். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படங்களை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் எங்களைக் கூப்பிட்டு, ஒரு ட்ரேயில் வைத்து எடுத்ததைக் காட்டினார்கள். கருஞ்சிவப்பாக, பெரிய கத்தரிக்காய் போல.

மாதப்பன் குனிந்து பார்த்தார். “இவ்ளோ பெருசா. எங்க வெச்சிருந்துச்சு மாமா இத?” பிறகு அதனிடமே பேசுவதுபோல மெதுவாக, “போதும் போ” என்றார்.

குழலி கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்றார்கள். உதட்டை மட்டும் நனைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாதப்பன் விடுப்பு முடிந்து திங்கட்கிழமையே போய்விட்டார். அதனால் டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார்.

“பென்சிலின் மாத்திரை காலையும் ராத்திரியும். ஒரு வேளைகூட விடக் கூடாது. எப்ப நிறுத்தறதுன்னு நாங்க சொல்லுவோம், நீங்களா நிறுத்தக் கூடாது. இன்னொன்னு ரொம்ப முக்கியம் சார். காய்ச்சல்னா சாதாரணக் காய்ச்சல் கிடையாது இவளுக்கு. கிருமி ரத்தத்துல ஏறிட்டா சில மணி நேரம்தான். வீட்ல சிரப் குடுத்துப் பாக்கலாம்னு இருக்காதீங்க. எந்த ஊரா இருந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மண்ணீரல் எடுத்த குழந்தைன்னு சொல்லுங்க. அப்பாகிட்டயும் இதே மாதிரி சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்” என்றேன்.

போனில் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் அலாரம் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் வைத்துக் கொடுத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

மாதப்பன் ஒரு கிலோ லட்டோடு வந்து தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். குழலியின் கண்ணைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தார். “வெள்ளையாயிடுச்சு மாமா. பாருங்க, பால் மாதிரி.” எதிர் வீட்டுக்காரரிடம் பக்க மொட்டுக் கதையைச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார்.

டாக்டர் சொன்னதை இன்று சொல்லலாம் என்றிருந்தேன். லட்டு வாயில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? அடுத்த வாரம்.

ஆகஸ்ட் 2, சனி

குழலி ஐந்து இட்லி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தெருப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஒருவன் திருடன். “வாட்ச்மேன் இல்ல, ஓடு” என்று கத்தியதும் எல்லோரும் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு ஓடி வந்து தொட வேண்டும். கேட்டுதான் ஆஸ்பத்திரி. கீல் ஆடிவிட்டது. சரி செய்ய ஆள் தேட வேண்டும். முருங்கைக்கும் ஆள் வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலாண்டு லீவோடு குழலியை அழைத்துப்போய் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவதாக மாதப்பன் சொன்னார்.

“இங்கயே இருக்கட்டுமே மாப்பிள்ள. இந்த வருசம் முடியட்டும்.”

“ஆஸ்பத்திரிக்கு அலையணும்னுதான விட்டேன் மாமா. இப்பதான் எல்லாம் சரியாப் போச்சே. பண்ண லைன் வீட்டுல தனியாப் படுத்துக் கெடக்கறேன். எம் புள்ளய நான் வெச்சுக்கறேனே.”

கேட்பதுபோல் சொன்னார். அப்பா, தன் பிள்ளையைக் கேட்கிறார்.

இந்த நேரத்தில் டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்து வைத்தால், பிள்ளையை விடாமல் இருக்கக் கிழவன் பயம் காட்டுகிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கே அப்படித் தோன்றியது.

செப்டம்பர் 28, ஞாயிறு

போய்விட்டார்கள்.

மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டு மாதப்பனிடம் கொடுத்தேன். “ரெண்டு வேளையும் தவறாம குடுங்க” என்றேன்.

“இன்னும் எதுக்கு மாமா மாத்திரை?”

“சத்துக்கு” என்றேன். “வளர்ற புள்ள இல்லையா? உடம்பு சுட்டா எனக்குப் போன் பண்ணுங்க. மறக்காதீங்க.”

“பண்றேன் மாமா. நீங்க வெசனப்படாதீங்க.”

பஸ் ஜன்னலிலிருந்து குழலி, “அலாரம் அடிச்சா போன் பண்ணு தாத்தா. நான் மறந்துருவேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

தினமும் அலாரம் அடித்ததும் கூப்பிடுகிறேன். “முழுங்கிட்டேன்” என்பாள். வாயில் தண்ணீரோடு சொல்கிறாள், அதனால் நம்பலாம்.

டிசம்பர் 11, வியாழன்

கார்த்திகை முடியப்போகிறது, இன்னும் மழை. போன் பாதி நாள் எடுப்பதில்லை. பண்ணையில் வேலைக்கு நுழையும்போது போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம், குழலியும் பள்ளிக்குப் போய்விடுகிறாள். இரவில் பிடித்துவிடலாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கலுக்கு இருவரும் வந்தார்கள். குழலி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். கரும்பைக் கடித்ததில் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது. சாணியில் உருட்டிக் கூரையில் எறிய வேண்டும் என்றாள். எங்கே போவது சாணிக்கு? மண்ணில் உருட்டி எறிந்தோம்.

அடுத்த மாதம் காதலர் தினம். அதுவரை பண்ணையில் தலைக்கு மேல் வேலை, விடுப்பே கிடையாது, ராத்திரி எட்டு ஒன்பது வரை பூ அறுத்துக் கட்டுகிறார்கள் என்று மாதப்பன் சொன்னார்.

பையிலிருந்து சீப்பை எடுக்கும்போது மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். நான் நினைத்ததைவிட அதிகம் இருந்தது. புதிதாக வாங்கிப் போட்டிருப்பார்.

பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. சீசன்.

பிப்ரவரி 6, வெள்ளி

விடியற்காலை மாதப்பன் பேசினார். ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து. முதல் பஸ்.

பிப்ரவரி 9, திங்கள்

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். குழந்தைகளை எரிக்கும் வழக்கம் அவர்கள் பக்கம் இல்லை. பண்ணைக்குப் பின்னால், ஏரிக்கரையில் புதைத்தார்கள். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ரோஜா கொண்டுவந்தார்கள். கழுத்து வளையாத, நல்ல ரோஜா. முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம்.

பிப்ரவரி 12, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 14, சனி

பஸ் ஸ்டாண்டில் எல்லாக் கடையிலும் ரோஜா. சுற்றிக்கொண்டு வேறு வழியாக வந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கேட்டுக்கு ஆள் வந்தான். கீலை மாற்றட்டுமா என்று கேட்டான். இப்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாதப்பன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியவில்லை என்றார். சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார்.

அவராகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

“வியாழக்கெழம காலைல லேசா சூடு இருந்துச்சு மாமா. குளிர் நாளு, சளிக் காச்சலா இருக்கும்னு மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடுத்தேன். பக்கத்து லைன் வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போனேன். மதியம் சோத்துக்கு வந்தப்ப நல்லாத்தான் ஒக்காந்திருந்துச்சு. கொஞ்சம் வாந்தி எடுத்துச்சுன்னு அக்கா சொன்னாங்க. ராத்திரி வேல முடிஞ்சதும் உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்.”

“ம்” என்றேன்.

“ராத்திரி வந்து பாக்கறேன், கையெல்லாம் செவப்பு செவப்பாத் திட்டு. ஒடம்பு சில்லுன்னு கெடக்குது. ஆம்புலன்சுல தூக்கிட்டு ஓடினேன். அங்க டாக்டரு மண்ணீரல் எடுத்த புள்ளயான்னு கேட்டாரு. தழும்பப் பாத்துட்டுக் கேட்டாரு. ஆமாங்க, அத எடுத்து நல்லாயிடுச்சுங்கன்னு சொன்னேன். அந்தத் தம்பி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு.”

தண்ணீர் குடித்தார். “ஏன் மாமா அப்படிப் பாத்தாரு?”

“சின்ன வயசு டாக்டரா இருக்கும்” என்றேன்.

“இருக்கும்.” தலையாட்டினார். “இன்னொண்ணு மாமா. காலைல நான் வேலைக்குக் கெளம்பறப்ப, சட்டையப் புடிச்சுக்கிட்டு விடல. ‘வாட்ச்மேன் இல்லப்பா, ஓடணும்ப்பா, வாட்ச்மேன் இல்லப்பா’ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. வெளையாடக் கூப்புடுதுன்னு நெனச்சேன். சாயந்தரம் வெளையாடலாம்னு சொல்லிக் கைய எடுத்து விட்டுட்டுப் போனேன். அப்புறம் அக்காகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்குது, காச்சல்ல பெனாத்துதுன்னு அவங்க நெனச்சிருக்காங்க. எந்த வாட்ச்மேன் மாமா? உங்ககிட்ட எதனா சொல்லியிருக்குதா?”

மோர் ஊற்றினேன்.

“தெரியலையே மாப்பிள்ள” என்றேன்.

“நான் எங்க பண்ண கேட்டு வாட்ச்மேனத்தான் சொல்லுதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவருகிட்டயே போயிச் சொன்னேன். கடைசியா புள்ள உங்களத்தாங்க தேடுச்சு, இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சுன்னு. அந்த மனுசன் தொப்பியக் கழட்டி மடில வெச்சுக்கிட்டு அழுதாரு மாமா. ‘வியாழக்கெழம எனக்கு லீவு, நான் இல்லாமப் போயிட்டேனே’ன்னாரு. அவரு என்னா பண்ணுவாரு பாவம். அவரு இருந்திருந்தா மட்டும் என்னா ஆயிருக்கும்.”

“நல்ல மனுசன்” என்றேன்.

“நல்ல மனுசந்தான்.”

இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். இங்கேயே படுத்துக்கொண்டு காலையில் போகிறேன் என்றார். குழலியின் பாய் மூலையில் சுருட்டியபடி இருந்தது. அதை எடுக்காமல் வெறுந்தரையில் துண்டை விரித்தார்.

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

“மாத்திரை நேரமா மாமா?” என்று மாதப்பன் எழுந்தார். சமையலறையில் தம்ளர் தேடும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “ஒடம்பப் பாத்துக்கங்க. உங்களையும் விட்டா எனக்கு யாரு இருக்காங்க.”

வாங்கிக் குடித்தேன்.